எங்கள் மாப்பிள்ளையின் ஒட்டகத் தயிர்

எங்கள் மாப்பிள்ளை ஹஸ்த பகதூர் குன்வர் பதினோரு வருஷம் சவுதிப் பாலைவனத்தில் ஒட்டகம் மேய்த்தவன். இதைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான். கேட்கிறவர்கள் அவன் ஏதோ அந்த நாட்டையே ஆண்டுவிட்டு வந்ததாக நினைக்க வேண்டும். மேய்த்தது ஒட்டகம். அதுவும் இன்னொருவனுடைய ஒட்டகம்.

எனக்கு அவனைப் பிடிக்காது. இதில் மறைக்க ஒன்றும் இல்லை, எங்கள் நேபாளத்துப் புட்வல் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முப்பது வருஷமாக அங்கே தயிர்க்கடை வைத்திருக்கிறேன். பால்பா மலையிலிருந்து எருமைப் பால் கேன்களில் காலைப் பேருந்தில் வரும். அந்தக் கேன்களை இறக்கிக் கடைக்குள் வைக்கிற ஆளாகத்தான் ஹஸ்தா முதலில் என்னிடம் வந்தான். அப்போது என் தங்கை தேவிசரா கல்லூரியில் படிக்க வந்து என்னோடு தங்கியிருந்தாள். கேன் தூக்க வந்தவன் ஒருநாள் தங்கையையும் கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான்.

அப்பா மலையிலிருந்து இறங்கி வந்து, கடைவாசலில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் என்னை அறைந்தார். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. "உன் கடை வழியாத்தானேடா போனா?" என்றார். ஓடிப்போனவன் ஓடிப்போய்விட்டான், அடி வாங்கியது நான். இந்தக் கணக்கை நான் மறக்கவில்லை.

அன்றிலிருந்து பதினாலு வருஷம் தேவிசரா பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தசைன் பண்டிகை வந்தால் ஊரில் எல்லாப் பெண்களும் அப்பா கையால் டீக்கா வைத்துக்கொள்ளப் போவார்கள். அரிசியும் சிவப்புப் பொடியும் தயிரும் குழைத்து நெற்றி நிறைய அப்பிக்கொண்டு, ஒரு வாரம் அதைக் கழுவ மனமில்லாமல் திரிவார்கள். இவள் வெறும் நெற்றியோடு தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பாள். அம்மா செத்தபோதுகூட மலைப்பாதையின் கீழ் வளைவில் நின்று அழுதுவிட்டுத் திரும்பினாள். பிள்ளைகுட்டியும் இல்லை. புருஷன் பாலைவனத்தில். அந்தப் பதினோரு வருஷமும் அவளுக்குப் பேச்சுத்துணை நான் ஒருவன்தான், அதுவும் அப்பாவுக்குத் தெரியாமல்.

போன கார்த்திகையில் ஹஸ்தா திரும்பி வந்தான். சம்பாதித்ததை வைத்து ஒரு நல்ல மனுஷன் என்ன செய்வான்? நாலு எருமை வாங்குவான். இவன் எல்லைக்கு அப்பாலிருந்து மேளாவுக்கு வருகிற ஒட்டகக்காரர்களிடம் போய், குட்டியோடு ஒரு பெண் ஒட்டகத்தை வாங்கிக்கொண்டு வந்தான். அதற்கு நூரா என்று பேர் வேறு. அந்த நூரா ஊருக்குள் வந்த முதல் நாளே பக்கத்து வீட்டுக் கூரையில் படர்ந்திருந்த சுரைக்கொடியை, தரையில் நின்றபடியே, பிஞ்சு விடாமல் தின்று முடித்தது.

அவன் பால் கறக்கிற அழகைப் பார்க்கத் தெருவே கூடும். ஒட்டகத்தை உட்கார்ந்து கறக்க முடியாதாம். ஒற்றைக்காலில் நின்று, மறுகாலை மடக்கி முட்டியின் மேல் ஏனத்தை வைத்துக்கொண்டு, குட்டியை ஒருபக்கம் முட்டவிட்டு, அரபியில் ஏதோ பாடிக்கொண்டு கறப்பான். கொக்கு மீன் பிடிக்கிற மாதிரி இருக்கும்.

"மச்சான், இது சும்மா பால் இல்ல. மருந்து. அங்க பெரிய பெரிய ஷேக்கெல்லாம் காலையில இதத்தான் குடிப்பான்."

"ஷேக்கு குடிப்பான். நீ குடிச்சியா?"

"நான் குடிச்சதாலதான் இங்க நிக்கிறேன்."

"நிக்கிறது தெரியுது. ஒத்தைக் கால்ல."

சிரிப்பான். அவனை என்ன சொன்னாலும் சிரிப்பான், அதுதான் எனக்கு இன்னும் எரியும். பென்ஷன் வாங்குகிற பழைய பட்டாளத்துக்காரர்கள் சிலர் சர்க்கரை வியாதி போய்விடும் என்று நம்பி அவனிடம் ஆளுக்கொரு டம்ளர் வாங்கிக் குடித்தார்கள். குடித்த கையோடு என் கடைக்கு வந்து லட்டு வாங்கித் தின்றார்கள். வியாதி எப்படிப் போகும்?

சாவன் மாதம் பதினைந்தாம் தேதி எல்லா வீட்டிலும் பாயசம் வைப்பார்கள். இவன் அன்றைக்கு ஒட்டகப் பாலில் பாயசம் காய்ச்சித் தெரு முழுக்கக் கொடுத்தான். என் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. என் மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு, "தேவிசரா, சர்க்கரைன்னு நெனச்சு உப்பப் போட்டுட்டியா?" என்று கேட்டுவிட்டாள். தேவிசரா முகம் சுருங்கிப் போனது. ஹஸ்தா மட்டும் பெருமையாக, "அது பாலோட சொந்த ருசி அக்கா" என்றான். எங்கள் நாட்டில் பால் என்றால் அதிலிருந்து நெய் வர வேண்டும், தயிர் வர வேண்டும், கோவா வர வேண்டும், குழந்தைக்கு முதல் சோறு ஊட்டவும் பூஜைக்கும் ஆக வேண்டும். புரோகிதர் இவன் பாலைக் கண்டதும் செம்பை இழுத்து மறைத்துக்கொண்டார்.

அதே வாரம் என் கடையில் வைத்து விற்கச் சொல்லி ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தான். விற்பதா, நானா? ஆனால் தொழில் புத்தி விடவில்லை. யாருக்கும் தெரியாமல் உறைகுத்திப் பார்த்தேன். என்னுடைய நல்ல உறைமோர், புது மண்சட்டி, உமிக்குள் புதைத்துக் கதகதப்பாக வைத்தேன். மறுநாள் திறந்தால் வெள்ளைத் தண்ணீர். உறைமோரைக் கூட்டி மறுபடி வைத்தேன். மூன்றாம் முறை பாலைச் சுண்டக் காய்ச்சியும் வைத்துப் பார்த்துவிட்டேன். புளித்தது, துணுக்குத் துணுக்காக ஏதோ மிதந்தது, உறையவே இல்லை. சட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தேன். பாலும் அவனைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன், சந்தோஷமாகவே நினைத்துக்கொண்டேன்.

பாத்ர மாதம் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டார். பார்க்கப் போனேன். எண்பத்திரண்டு வயது. சுவரைப் பார்த்துக்கொண்டே, "அவள வரச்சொல்லு" என்றார்.

"தசைனுக்கு முன்னால அவனையும் கூட்டிட்டு முறைப்படி வரட்டும். தயிர்க் குடுவையோட. கடைத்தயிர் வேணாம். அவன் தொழுவத்துப் பால்ல உறைகுத்துனதா இருக்கணும். அன்னைக்கு அவன் தொழுவத்துல ஒரு மாட்டு வால்கூட ஆடல, அந்தக் கோவம்தான் எனக்கு."

முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஓடிப்போனவர்கள் மன்னிப்புக் கேட்க மரக்குடுவையில் தயிர் உறைகுத்தி, வாயில் இலை வைத்து, சிவப்புத் துணி கட்டிக் கொண்டுவர வேண்டும். கட்டிய பிறகு வழியில் யாரும் திறக்கக் கூடாது. பெண்ணைப் பெற்றவர் கையால் திறந்து, அந்தத் தயிரிலேயே டீக்கா குழைத்து இருவர் நெற்றியிலும் வைத்தால் தீர்ந்தது. குடுவை சரியில்லை என்றால் துணியைத் திருப்பிக் கட்டிக் கொடுத்துவிடுவார். அப்புறம் ஆயுசுக்கும் கேட்க முடியாது.

விஷயத்தைச் சொன்னதும் தேவிசரா தையல் மிஷின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். ஹஸ்தா அன்று சாயங்காலமே என் கடைக்கு வந்து நின்றான்.

"மச்சான், உறைமோர் குடுங்க. உங்க கையால."

"எந்தப் பால்ல உறைகுத்தப் போற?"

"நம்ம நூரா பால்தான். என் தொழுவத்துல வேற என்ன இருக்கு?"

"ஒரு எருமை வாங்கிக் கட்டேன். இன்னும் பத்து நாள் இருக்கு."

உண்மையில் அப்படித்தான் சொன்னேன், அதை மட்டும் என் பக்கம் எழுதிக்கொள்ளலாம். அவன் தலையை ஆட்டினான்.

"அப்பாவுக்காக நேத்து வாங்குன எருமைப் பால எப்படி மச்சான் என்னோடதுன்னு சொல்றது? அந்தப் பாலாலதான் நான் உயிரோட… அது ஒரு கதை மச்சான், ஒரு தடவை அங்க தண்ணி லாரி…"

"கதை வேணாம். கடையில ஆள் நிக்கிது. அங்க இந்தப் பால் தயிர் ஆகுமா, பாத்திருக்கியா?"

"அரபிக்கு உறைகுத்த எங்க தெரியும்? புளிக்க வெச்சு மோராட்டம் குடிப்பான். நம்ம மரக்குடுவை, நம்ம உறைமோர் போட்டா ஆகாத பால் உலகத்துல உண்டா?"

இந்த முட்டாள்தனத்தை நான் என்னவென்று சொல்வது! பதினோரு வருஷம் அந்தப் பாலையே குடித்தவன், அதைப் பற்றி ஒரு மண்ணும் தெரிந்துகொள்ளவில்லை. பால் என்று இருந்தால் தயிராகும் என்று நம்புகிறான். எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் நம்புவார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. கூடவே அந்தக் கடைவாசலும், அந்த அறையும், சொந்தக்காரர்கள் முகமும் வந்தன. அப்பா துணியை அவிழ்ப்பார், வெள்ளைத் தண்ணீரைப் பார்ப்பார், இவனை நாயை விரட்டுகிற மாதிரி விரட்டுவார், தங்கையை மட்டும் உள்ளே கூப்பிட்டுக்கொள்வார் என்று மனம் தானாக ஒரு கணக்குப் போட்டது. இருக்கிறதில் கெட்டியான உறைமோரை வாழையிலையில் மடித்துக் கொடுத்தேன்.

"கம்பளி சுத்தி வை மாப்பிள்ளை. கல்லு மாதிரி உறையும்."

என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

தசைன் தொடங்குவதற்கு நாலு நாள் முன்னால் மூன்று பேரும் காலைப் பேருந்தில் கிளம்பினோம். சாலை முடிகிற இடத்திலிருந்து ஒன்றரை மணிநேரம் ஏற்றம். தேவிசரா சிவப்புப் புடவை கட்டியிருந்தாள். கண்ணாடி வளையல் முழங்கை வரைக்கும். குடுவையை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்று முதுகுக்கூடையில் வைத்துத் தானே சுமந்தாள். ஹஸ்தா சேவல், வாழைத்தார், ஒரு பாட்டில் சாராயம் எல்லாம் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். எருமைச் சாணி கண்ட இடத்திலெல்லாம் ஒட்டகச் சாணியின் பெருமையைச் சொல்லிக்கொண்டே போனான்.

பாதி ஏற்றத்தில் தேவிசரா நின்றாள்.

"அண்ணா, உள்ள தளும்புற மாதிரி இருக்கு."

"மேல் தண்ணி அது. நடந்தா எந்தத் தயிரும் கொஞ்சம் தண்ணி விடும்."

"கொஞ்சமா தெரியலையே."

"முப்பது வருஷமா தயிர் விக்கிறவன் நான். நீ எனக்குச் சொல்றியா?"

"இல்லண்ணா, பயமா இருக்கு. உன் கடையில இருந்து ஒரு சட்டி கொண்டுவந்திருக்கலாம். அப்பா கிட்ட மன்னிப்புக் கேட்டு, ரெண்டையும் வெச்சிருக்கலாம்."

"கடைத்தயிர் வேணாம்னு அவரே சொல்லிட்டாரு. பேசாம நட."

அவள் நம்பினாள். நான் சொன்னால் நம்புவாள், சின்ன வயதிலிருந்து அப்படித்தான். கூடையின் பட்டையை நெற்றியில் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

அப்பா முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். சலவைத் தொப்பி. பக்கத்தில் தட்டில் அரிசியும் சிவப்புப் பொடியும் தயாராக இருந்தன. தேவிசரா குடுவையை அவர் முன்னால் வைத்துவிட்டுக் காலில் விழுந்தாள். ஹஸ்தா அவளுக்குப் பின்னால் மண்ணில் நெற்றி பட விழுந்தான். அப்பா துணியை அவிழ்த்து இலையை எடுத்தார். குனிந்து பார்த்தார். குடுவையைப் பிடித்து லேசாக ஆட்டினார். தளும்பியது.

"என்ன இது?"

ஹஸ்தா எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லாததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"உறையலையே… ஏன் உறையல?" என்று குடுவையையே கேட்டான்.

அப்பா இலையை எடுத்துத் திருப்பி வாயில் வைத்தார். சிவப்புத் துணியை எடுத்தார். தேவிசராவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகை என்று சொல்ல முடியாது. தங்கையை மட்டும் உள்ளே கூப்பிடுவார் என்று கணக்குப் போட்டேனே, அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. குடுவை போனால் இருவரும்தான் போவார்கள். ஐம்பத்திரண்டு வருஷமாக அப்பாவை அறிந்த எனக்கு இது தெரியாதா?

துணியை ஒரு முடிச்சுப் போட்டவர் நிறுத்திவிட்டு, "எந்த எருமைடா இப்படிக் கறக்குது?" என்றார்.

"எருமை இல்லைங்க. ஒட்டகம்."

"ஒட்டகமா!" அப்பா என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "ஒட்டகத்தக் கொண்டாந்து நேபாளத்துல கட்டியிருக்கியா? உனக்கென்ன கிறுக்கா?"

"ஆமாங்க" என்றான். பிறகு தரையைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தான். என் கடையில் நான் சொல்லவிடாத கதை. அங்கே போன மூன்றாம் வருஷம் தண்ணீர் லாரி வரவில்லையாம். முதலாளி போனை எடுக்கவில்லை. எழுபது ஒட்டகமும் இவனும். பாலைவனத்தில் ஒன்பது நாள் ஒட்டகப்பால் தவிர வாயில் வேறொன்றும் படவில்லை. கறந்த பாலில் முதல் கை பாலைத் தரையில் விட்டு, தேவிசரா பேரைச் சொல்லி, அப்பா வீட்டுத் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் குடிப்பானாம். "பொழச்சா இந்தப் பாலத்தான் உங்க முன்னால வெக்கணும்னு நெனச்சேங்க. தயிராகாதுன்னு தெரியலங்க. எனக்கு எதுதான் தெரிஞ்சது?"

அப்பா முடிச்சை அவிழ்த்தார். இரண்டு விரலை உள்ளே விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பா இருக்கு" என்றார். தட்டில் அரிசிமேல் அந்தப் பாலை ஊற்றினார்.

அது எப்படிக் குழையும்? சிவப்புத் தண்ணீரில் அரிசி மிதந்தது. அள்ளித் தேவிசராவின் நெற்றியில் வைத்தார், வழிந்தது. மறுபடி வைத்தார். மூக்கின் மேலும் கன்னத்திலும் சிவப்பு ஒழுகியது, அரிசி மடியில் உதிர்ந்தது. ஒட்டவில்லை என்றாலும் அவர் விடவில்லை, உள்ளங்கையால் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. அப்புறம் அதே கையை நீட்டி, "வாங்க மாப்பிள்ளை" என்றார். என் அப்பா வாயிலிருந்து, கேன் தூக்கினவனுக்கு, வாங்க!

எல்லாம் முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"நீ முப்பது வருஷமா உறைகுத்துறவன். உறைமோர் யாரு குடுத்தது?"

"நான்தான்."

"இது உறையாதுன்னு உனக்குத் தெரியாது?"

பொய் சொல்லியிருக்கலாம். தேவிசரா முகம் முழுக்கச் சிவப்பாக, கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும்" என்றேன்.

அப்பா திட்டவில்லை. அறையவும் இல்லை. "அவன் தெரியாம செஞ்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார்.

"வழியில கேட்டேனே அண்ணா" என்றாள் தேவிசரா. அதற்குமேல் அன்றைக்கு அவள் என்னிடம் பேசவில்லை.

தசைன் அன்று குடும்பமே மலைவீட்டில் கூடியது. நான் கடையிலிருந்து இரண்டு சட்டி தயிர் கொண்டுபோயிருந்தேன். என் வாழ்நாளில் அப்படி உறைந்ததில்லை, கத்தி வைத்து வெட்டலாம். அப்பா முதலில் எல்லோருக்கும் டீக்கா வைத்தார். அடுத்து அண்ணன் முறைக்கு நான் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேவிசரா முறை வந்தது. சிவப்பும் அரிசியும் விரலில் எடுத்துக் கையைத் தூக்கினேன்.

"எனக்கு வேணாம் அண்ணா. அப்பா வெச்சதே போதும்."

மெதுவாகத்தான் சொன்னாள். எழுந்து அடுப்படிக்குப் போய் மாவைப் பிசைய உட்கார்ந்துகொண்டாள். சுற்றியிருந்த சொந்தக்காரர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். தூக்கிய கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வரிசையில் அடுத்து இருந்தவன் நகர்ந்து வந்து எனக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தொப்பியை எடுத்துவிட்டுத் தலையை நீட்டினான்.

"எனக்கு வையுங்க மச்சான். சீக்கிரம், கழுத்து வலிக்குது."

அவனுக்கு எல்லாம் தெரியும். நான் "தெரியும்" என்று சொன்னபோது அவனும் அங்கேதான் இருந்தான். தெரிந்துமா வந்து உட்காருவான் ஒரு மனுஷன்? முட்டாள், அன்றும் முட்டாள், இன்றும் முட்டாள். அந்த ஒட்டகத்தை இன்னும் விற்கவில்லை.

வைத்தேன். என் தயிர் அவன் நெற்றியில் நன்றாக ஒட்டிக்கொண்டது. தேவிசரா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்க்கவில்லை.